அம்பும் அன்பும்

(உத்தமபாளையம் திருக்குட நன்னீராட்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

திருச்சிற்றம்பலம்.



முல்லைப் பெரியாற்றங்கரையில், தென்காளத்தி எனப் போற்றப்பெறும் இத்தலத்தில், காளாத்தியப்பரும் ஞானாம்பிகையும் எழுந்தருளியுள்ள சந்நிதியில் பேசப் பணித்தீர்கள். காளாத்தி என்றவுடன் நெஞ்சில் எழுபவர் கண்ணப்ப நாயனார். அவர் கையம்பு விலங்கைக் கொல்லும் கருவி. இறைவன் திருக்கண்ணில் உதிரம் கண்டபோது, அம்பே தம் கண்ணை இடந்து அப்புதற்குக் கருவியாயிற்று. அம்பு மாறவில்லை, பற்றிய கையை அன்பு ஆண்டது. இக்காலத்து டிஜிட்டல் கருவிகளைக் குறித்து யான் கூற விழைவதும் இதுவே.

இவற்றை இகழ்பவன் அல்லேன். தில்லையில் தேவார ஏடுகள் பல செல்லுக்கு இரையாயின. எஞ்சியவற்றையே நம்பியாண்டார் நம்பிகள் தொகுத்தருளினார் என்பது வரலாறு. பின்னர் 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் முதலியோர் சைவ நூல்களை அச்சேற்றிக் காத்தனர். புதுச்சேரியிலுள்ள ஏறத்தாழ 11,000 சைவச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. 2007இல் அந்நகரிலிருந்தே 'டிஜிட்டல் தேவாரம்' வெளிவந்தது. எழுத்தையும் ஒலியையும் எண்களாக்கிச் சேமிப்பதால், ஏட்டைச் செல் அரித்தாலும் பாடல் அழியாது. கண்பார்வை மங்கிய யானும் கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கியே திருமுறை படிக்கின்றேன்.

ஆயினும் ஒரு நிகழ்ச்சியை மறைத்தல் தகாது. ஒரு திருக்கோயிலில் மாலை வழிபாட்டுக்குச் சென்றிருந்தேன். மேளமும் மணியும் மின்விசையால் ஒலித்தன. ஒலிபெருக்கியில் பதிகம் ஒலித்தது. அன்பர் பலர் கைப்பேசியை உயர்த்திப் படம் எடுத்தனர். திடீரென மின்சாரம் நின்றது. எங்கும் மௌனம். பாடுவார் ஒருவரும் இலர். யான் தொடங்கினேன், மூன்றாம் திருப்பாட்டில் அடி மறந்து நின்றேன். இளமையில் நெஞ்சில் எழுதியதைக் கருவியிடம் ஒப்படைத்துவிட்ட குற்றம் என்னுடையதே.

மடத்தில் எம் ஆசிரியர் ஒரு பதிகத்தைப் பலகால் ஓதச் செய்வார், பிழைத்தால் திருத்துவார், உடன் பயில்வோன் தடுமாறினால், நகையாது அடியெடுத்துக் கொடுக்கப் பணிப்பார். அங்ஙனம் பாட்டை மட்டுமோ கற்றோம்? பொறுமையும் அடக்கமும் பிறர் இடர் உணர்தலும் உடன் கற்றோம். கருவி பாட்டைக் காக்கும். இப்பண்புகளை மனிதர் மனிதரிடமே பெறுதல் வேண்டும்.

ஆதலின் கொடையாளர்களே! ஒலிபெருக்கி அளிப்போர் அளியுங்கள். அதனோடு, ஓதுவாரிடம் பயிலும் ஒரு சிறுவனுக்கு உணவும் உடையும் அளியுங்கள். தாய்மார்களே! மாலையில் சிறிதுபொழுது கைப்பேசியை ஒதுக்கி, குழந்தையோடு அமர்ந்து ஒரு பதிகம் ஓதுங்கள். மறந்த அப்பதிகத்தை யானும் மீண்டும் நெட்டுருச் செய்து வருகின்றேன்.

கருவி நம் கையில் இருக்கட்டும்; கையை அன்பு ஆளட்டும்.

திருச்சிற்றம்பலம்.