இரு விலை கூறும் வணிகர் வேண்டும்



சுன்னாகச் சந்தைக்கு வெங்காயம் கொண்டுசெல்லும் கமக்காரருக்கு நாம் புதிதாக எதுவும் சொல்லப்போவதில்லை. வாங்குவார் இல்லாத நாளிலே நல்ல விளைச்சலுக்கும் மதிப்பில்லை என்பதை அவர் அறிவார். கொழும்புப் பங்குச் சந்தையின் குறையும் இதுவே.

தோட்டக் கொம்பனிகளின் பங்குகளை விற்பதற்கென 1896 ஆம் ஆண்டிலே தரகர் சங்கமாகத் தோன்றிய வியாபாரம் அது. இன்றைய பங்குச் சந்தை 1985 இல் நிறுவப்பட்டது. ஆயினும் பல கொம்பனிகளின் பங்குகளிற் பெரும்பகுதி ஒருசிலர் கையிலேயே முடங்கிக் கிடக்கிறது. ஓர் ஆசிரியர் தமது சேமிப்பைக் கொண்டு வாங்கிய பங்கை மகளின் கலியாணத்துக்காக விற்க முனைந்தால், கேட்பார் இல்லை. இருந்தாலும் அற்ப விலைக்கே கேட்பர். இந்த அச்சத்தால் ஆள் வருவதில்லை. ஆள் வராமையால் அச்சம் வளர்கிறது.

இதற்கு மருந்து சந்தையாக்குநர். வாங்கும் விலை ஒன்று, விற்கும் விலை ஒன்று என இரண்டையும் கூறித் தம் பணத்தோடு நிற்பவர் அவர். இலண்டனிலே 1986 ஒக்டோபர் வரை இத்தொழிலைச் செய்தோர் ஜொபர் எனப்பட்டனர். வந்த தரகர் வாங்க வந்தாரா, விற்க வந்தாரா என்று அறியாமலே அவர்கள் இரு விலையும் கூறினர். விலைகளின் இடைவெளியே அவர்கள் ஊதியம்.

ஆயின், அழைத்தவுடன் இத்தகையோர் சிறிய சந்தைக்கு வருவரா? வாரார். வாங்கிய பங்கு தேங்கினால் நட்டம் அவருடையது. கொம்பனியின் இரகசியம் அறிந்தவன் அவரிடம் விற்றுவிட்டுப் போனாலும் நட்டம் அவருடையதே. ஆகவே, அவருக்குக் கட்டணச் சலுகை வேண்டும். கைவசம் இல்லாத பங்கை இரவல் பெறும் வசதி வேண்டும். இரகசியத்தை விலையாக்குவோருக்குத் தண்டனை வேண்டும். ஜேர்மனியின் எக்ஸெட்ரா சந்தையிலே, கடமையை நிறைவேற்றிய சந்தையாக்குநருக்கே கட்டணம் மீளக் கொடுக்கப்படுகிறது.

கடமை என்ற அச்சொல்லை நாம் மறத்தலாகாது. நாளின் பெரும்பகுதி நேரமும், குறித்த தொகைக்கு, குறித்த இடைவெளிக்குள் விலை கூறுதலே அக்கடமை. அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையிலே சந்தையாக்குநர் பலர் இருந்தும் என்ன நடந்தது? விலைகள் எட்டிலொரு டொலர்ப் படிகளிற் கூறப்பட்ட காலத்திலே, பல பெரிய பங்குகளுக்கு அவர்கள் ஒற்றைப்படைப் படிகளைத் தவிர்த்து இடைவெளியை அகலமாக வைத்திருந்ததை 1994 இல் கிறிஸ்டி, ஷூல்ட்ஸ் என்னும் ஆய்வாளர் இருவர் வெளிப்படுத்தினர். 1996 இல் அரசாங்கம் தலையிட நேர்ந்தது. காவலின்றிக் கொடுத்த சலுகை பொதுமக்கள் பணத்திலே கைவைக்கும்.

எல்லா நோய்க்கும் இது மருந்தன்று. பொருளாதாரம் குலைந்து, 2022 ஏப்ரல் 18 முதல் ஐந்து வேலைநாள்கள் சந்தை மூடப்பட்டதே, அத்தகைய வெள்ளத்தை எந்த வணிகரும் தடுத்திரார். ஆயினும், சாதாரண நாளிலே சிறு முதலீட்டாளர் நியாய விலைக்கு விற்று வீடு திரும்ப வழி வேண்டும். சலுகை கொடுப்போம், கணக்கும் கேட்போம். வாங்குவார் உண்டென்ற நம்பிக்கை இருந்தாற்றான் விதைப்பவனும் விதைப்பான்.