செய்தியாக இருந்தவர் செய்தி சொன்னார்



1975ஆம் ஆண்டுக்கும் 1995ஆம் ஆண்டுக்கும் இடையில் படகேறிப் பிற நாட்டுக் கரைகளை அடைந்த வியட்நாமியர் ஏறத்தாழ 8 இலட்சம் பேர். அவர்களைப் பற்றி உலகச் செய்தித்தாள்கள் எழுதிக் குவித்தன. எழுதியவர்களுள் பெரும்பாலோர் கரையில் நின்று பார்த்தவர்கள். நாட்டை இழந்து வந்த ஒருவரே ஒலிவாங்கியின் முன் அமர்ந்து செய்தி சொல்லத் தொடங்கினால் என்ன நேரும்? அதற்கு விடையாக அமைந்தது நுயென் குய் டுக் என்பவரின் வாழ்க்கை. வியட்நாமில் குடிப்பெயர் முன்னே வரும். அழைக்கும் பெயர் இறுதியில் நிற்கும். ஆதலின் அவரை டுக் என்று குறிப்பதே முறை.

டுக் 1958இல் தலாத் என்னும் மலைநகரில் பிறந்தார். தந்தை தென்வியட்நாம் அரசின் உயர் அலுவலர், படைவீரர் அல்லர். 1968 சனவரி இறுதியில் தெத் என்னும் புத்தாண்டுத் திருநாளுக்காகக் குடும்பம் ஹுவே நகரில் தங்கியிருந்தது. அந்தத் திருநாளிலேயே வடவர் படை நகருக்குள் புகுந்தது. ஒன்பது வயதுச் சிறுவனின் கண்முன் தந்தை கைதியானார். அதன்பின் பன்னிரண்டு ஆண்டுகள் சிறை. 1975இல் சைகோன் வீழ்ந்தபோது பதினாறு வயதினரான டுக் நாட்டை விட்டு வெளியேறினார். தாய் வரவில்லை. சிறையிலிருக்கும் கணவருக்காகவும் மனநோயுற்ற மகளுக்காகவும் அவர் அங்கேயே தங்கினார். பள்ளியை நடத்திய அந்த அம்மையார் தெருவோரத்தில் நூடுல்ஸ் விற்றுப் பிழைக்க வேண்டியதாயிற்று. மகள் 1979இல் இறந்தாள். தந்தை விடுதலை பெற்று, பெற்றோர் இருவரும் சான் பிரான்சிஸ்கோவில் மகனோடு சேர்ந்தது 1984இல்தான்.

சகோதரி மறைந்த அதே 1979ஆம் ஆண்டு முதல் டுக் வானொலித் துறையில் இருந்தார். ஆஸ்திரேலிய வானொலி, இலண்டன் பி.பி.சி., சான் பிரான்சிஸ்கோ நகரின் உள்ளூர் நிலையம் எனப் பணியிடங்கள் மாறின. அச்சில் எழுதுவோருக்கு இல்லாத ஓர் இடர் வானொலியாளருக்கு உண்டு. எழுத்தில் அழுகையை மறைத்துவிடலாம். குரலில் மறைப்பது அரிது. அதிலும் டுக் பேசியது பதின்பருவத்திற்குப்பின் தன்னுடையதாக்கிக்கொண்ட ஆங்கிலத்தில். தாய்மொழியோ ஆறு தொனிகள் உடையது. 'மா' என்னும் ஓரசையைத் தொனி மாற்றிச் சொன்னால் பேய், தாய், ஆனால், கல்லறை, குதிரை, நாற்று என ஆறு பொருள்கள் தரும். தாயையும் கல்லறையையும் குரலின் ஏற்ற இறக்கம் ஒன்றே பிரித்துக் காட்டும் மொழியில் பிறந்தவர், தொனி பொருளை மாற்றாத ஒரு மொழியில் தன் நாட்டின் கதையைச் சொல்ல நேர்ந்தது.

1989இல் அமெரிக்கத் தேசியப் பொது வானொலிக்காக அவர் வியட்நாம் சென்றார். அன்று இரு நாடுகளுக்கும் தூதரக உறவு இல்லை. அது 1995இல்தான் ஏற்பட்டது. தந்தையைச் சிறையிலிட்ட அரசின் நாட்டுக்குள் மகன் ஒலிப்பதிவுக் கருவியோடு நுழைந்தார். அந்தச் செய்தித் தொகுப்புக்கு அமெரிக்காவின் வெளிநாட்டுச் செய்தியாளர் மன்றம் பாராட்டுச் சான்று வழங்கியது. பாராட்டு இருக்கட்டும். அந்தப் பயணத்தில் அவருக்கு மற்றொரு கடமையும் இருந்தது. சகோதரியின் சாம்பலைப் பெற்றுப் பெற்றோரிடம் சேர்க்க வேண்டும். செய்தியாளருக்கு நடுநிலை வேண்டும் என்பார்கள். ஒரு கையில் ஒலிவாங்கியும் மறுகையில் உடன்பிறந்தாளின் சாம்பலுமாக நிற்பவனிடம் நடுநிலையை எதிர்பார்ப்பது கொடுமை அன்றோ?

1994இல் வெளிவந்த அவருடைய நூலின் பெயரே 'சாம்பல் இருக்கும் இடம்' என்று பொருள்படுவது. தந்தையின் சிறை, தாயின் தனிமை, மகனின் அயல்வாழ்வு என மூன்று இழைகள் அதில் ஓடுகின்றன. முதலிரண்டும் டுக் காணாதவை. பெற்றோரின் நினைவிலிருந்து பெற்றவை. பழி தூற்ற எல்லாக் காரணங்களும் இருந்தும் நூல் பழியுரையாகவில்லை. இந்த அடக்கம் இயல்பாக வந்ததன்று, செய்தித்தொழில் பயிற்றுவித்தது என்றே கருதத் தோன்றுகிறது. தன் துயரையே பிறர் துயர்போலக் கேட்டு எழுதும் பயிற்சி எளிதில் வாய்ப்பதன்று.

கவிஞர் அவை இது. ஆகவே அடுத்த செய்தியில் சற்றே நின்று செல்வது தகும். 2003இல் அமெரிக்கக் கவிஞர் ஜார்ஜ் எவன்சுடன் இணைந்து டுக் ஒரு கவிதைத் தொகுப்பை ஆங்கிலத்தில் தந்தார். 'காலமரம்' எனத் தமிழில் அதைச் சொல்லலாம். மூலக் கவிஞர் ஹூ தின். இவர் வடவியட்நாம் படையில் டாங்கிப் பிரிவில் பணியாற்றியவர். வியட்நாம் எழுத்தாளர் சங்கத்தின் தலைவராகவும் இருந்தவர். தந்தையைச் சிறைப்பிடித்த படையின் வீரன் எழுதிய கவிதைக்கு, சிறைப்பட்டவரின் மகன் சொல் தேடினான். மொழிபெயர்ப்பாளன் மூலக் கவிஞனின் மூச்சை வாங்கித் தன் மூச்சாக விட வேண்டியவன். பகைவன் என்று கற்பிக்கப்பட்டவனின் மூச்சு அது. அமைதி ஒப்பந்தங்களில் கையெழுத்திட்ட அமைச்சர்கள் எவரும் இவ்வளவு நெருங்கிச் சென்றிருப்பார்களா என்பது ஐயமே.

லுக் பாத் என்னும் வியட்நாமிய யாப்பைப் பற்றியும் ஒரு சொல். ஆறசை அடியும் எட்டசை அடியும் மாறிமாறி வரும். எட்டாம் அசையின் இயைபு அடுத்த அடியின் ஆறாம் அசைக்குத் தாவும்; நம் அந்தாதித் தொடையின் உறவுமுறையினது எனலாம். அம்மக்கள் போற்றும் 'கியேவின் கதை' இந்த யாப்பில் 3254 அடிகள் கொண்டது. கப்பலேறியவர்கள் வீட்டை விட்டுச் சென்றாலும் அந்த அடிகள் பலர் நாவில் உடன் சென்றன.

2000 முதல் 2006 வரை சான் பிரான்சிஸ்கோவின் கே.கியூ.இ.டி. நிலையத்தில் 'பசிபிக் டைம்' என்னும் ஆசிய நிகழ்ச்சியை டுக் வழங்கினார். அங்கே புகழ் இருந்தது. 2006இல் அதை விட்டுவிட்டு ஹனோய் நகருக்குக் குடிபெயர்ந்தார். மறதிநோய் கண்டிருந்த தாயையும் அழைத்துச் சென்றார். கணவருக்காக ஒரு நாட்டில் காத்திருந்து, மகனுக்காக இன்னொரு நாட்டுக்கு வந்து, முதுமையில் அந்த அம்மையார் மீண்டும் தாய்மொழி ஒலிக்கும் தெருவில் அமர்ந்தார். கணவரைச் சிறையிலிட்ட அரசின் தலைநகரம் அது என்பது அவருடைய நினைவில் நின்றதா என்பதை யார் அறிவார்?

அந்நகரில் டுக் 'தாதியோத்தோ' என்னும் கூடத்தை நடத்தினார். மது அருந்தவும் ஓவியம் காணவும் கவிதை படிக்கவும் மக்கள் அங்கே கூடினர். உள்ளூர் எழுத்தாளர்களும் அயலிலிருந்து திரும்பியவர்களும் அங்கு ஒரே மேசையில் அமர்ந்து பேசினர். 2023 நவம்பரில், 65ஆம் வயதில், ஹனோய் நகரிலேயே அவர் காலமானார்.