சாவி உரியவர் கையில் இருக்கட்டும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

வரவு செலவு அறிக்கை வாசித்து முடிந்தபின் பேச எழும் ஆலிம்கள் தொழுகையைப் பற்றியோ ஒற்றுமையைப் பற்றியோ பேசுவது வழக்கம். நாம் இன்று பேச எடுத்துக்கொண்டிருப்பது கைப்பேசியைப் பற்றி. சிலர் புன்னகைப்பது தெரிகிறது. ஆயினும் கடந்த ஓராண்டில் பள்ளிவாசல் அறைக்கு வந்து நம்மிடம் கேட்கப்பட்டவற்றுள், மார்க்கச் சட்டம் குறித்த கேள்விகளைவிட, "ஹஜ்ரத், இந்த மெசேஜ் என்ன சொல்லுது?" என்று கைப்பேசியை நீட்டிக் கேட்கப்பட்டவையே மிகுதி. அவற்றுள் பெரும்பாலானவை பி.எஃப். என்று நாம் சொல்லும் வருங்கால வைப்பு நிதியையும் பென்ஷனையும் பற்றியவை.

ஃபஜ்ரு தொழுது நாம் வெளியே வரும் நேரத்தில் போடிமெட்டுக்கு ஏறும் ஜீப்புகள் நிரம்பிவிடுகின்றன. பூப்பாறை, சாந்தன்பாறை, இராஜகுமாரி என்று கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்லும் பெண்கள் அவற்றில் இருக்கிறார்கள். 1952ஆம் ஆண்டின் வைப்பு நிதிச் சட்டத்தின் கீழ் ஏலத்தோட்டங்களும் வருகின்றன. தொழிலாளியின் ஊதியத்தில் 100க்கு 12 பங்கு பிடிக்கப்படுகிறது. முதலாளியும் 12 பங்கு செலுத்த வேண்டும். முதலாளி செலுத்துவதில் 8.33 பங்கு பென்ஷன் கணக்கிற்குச் செல்கிறது. பத்தாண்டுகள் பணி செய்தவருக்கு 58 வயதில் பென்ஷன் உண்டு. அதன் குறைந்தபட்சத் தொகை 2014 முதல் மாதம் 1000 ரூபாய். இத்தொகை இன்றைய விலைவாசியில் எதற்குப் போதும் என்பது வேறு பேச்சு. பணியில் இருக்கையில் தொழிலாளி மவ்த்தாகிவிட்டால் குடும்பத்திற்கு 7 லட்சம் ரூபாய் வரை காப்பீட்டுத் தொகை கிடைக்க வழியுண்டு என்பதும் நம்மில் பலருக்குத் தெரியாது. நாலைந்து பேரை மட்டும் வைத்து வேலை வாங்கும் சிறு தோட்டங்களுக்கு இச்சட்டம் பொருந்தாது. அங்கே வேலை செய்வோருக்காகவே 2021 ஆகஸ்டில் இ-ஷ்ரம் பதிவு தொடங்கப்பட்டது. இ-ஷ்ரம் அட்டையில் உள்ள எண்ணும் 12 இலக்கம், பி.எஃப். கணக்கின் எண்ணும் 12 இலக்கம், இரண்டையும் யூ.ஏ.என். என்றே அழைக்கிறார்கள். ஆகவே இ-ஷ்ரம் அட்டையைக் காட்டி, "எனக்கும் பி.எஃப். இருக்கு" என்று நம்பியிருப்போர் தங்கள் சம்பளச் சீட்டை ஒருமுறை எடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போது வந்திருக்கும் மாற்றம் என்ன? 2025 ஆகஸ்ட் 1 முதல் புதிதாக யூ.ஏ.என். பெறுகிறவர், அரசின் உமங் செயலியில் தம் முகத்தைக் காட்டியே அதைப் பெற வேண்டும் என்று வைப்பு நிதி நிறுவனம் அறிவித்திருக்கிறது. ஏற்கெனவே எண் இருந்தும் அதைச் செயல்படுத்தாதவர்களும் இவ்வழியிலேயே செயல்படுத்திக்கொள்ளலாம். ஆதார் எண்ணையும் ஆதாரில் பதிந்த கைப்பேசி எண்ணையும் கொடுத்தால் ஓ.டி.பி. வரும், அதை இட்டபின் கேமரா திறக்கும், முகத்தை வட்டத்திற்குள் வைத்துக் கண்ணிமைக்க வேண்டும். நிழற்படத்தைக் காட்டி ஏமாற்றாதிருக்கவே கண்ணிமைக்கச் சொல்கிறார்கள். ஆதார் ஆணையத்திடம் உள்ள முகத்தோடு அது பொருந்தினால் கணக்கு திறக்கும்.

முன்பு இப்பதிவைப் பெரும்பாலும் முதலாளியின் அலுவலகமே செய்தது. எழுதியவர் எழுதியதே பெயர், அவர் போட்டதே கைப்பேசி எண். இதன் விளைவை நாம் கண்டோம். ஏலத்தோட்டமொன்றில் 19 ஆண்டுகள் களையெடுத்தும் காய் பறித்தும் உழைத்த தாயார் ஒருவர் நம்மிடம் வந்தார். அவருடைய கணக்கில் இருந்தது கங்காணியின் கைப்பேசி எண். அக்கங்காணி எப்போதோ வேலையை விட்டுச் சென்றுவிட்டார். அவ்வெண்ணும் கைமாறி, அழைத்தால் முன்பின் அறியாத ஒருவர் எடுக்கிறார். 19 ஆண்டு உழைப்பின் ஓ.டி.பி. யாரோ ஒருவருக்குப் போய்க்கொண்டிருந்தது! ஆதாரில் தம் சொந்த எண்ணைச் சேர்த்த பின்னரே அத்தாயாருக்குக் கணக்கு திறந்தது. திறந்து பார்த்தால், ஆதாரில் 'பீவி' என்றிருக்கும் பெயர் அங்கே 'பீ' என்றிருந்தது. அதைத் திருத்தக் கூட்டு உறுதிமொழி கொடுத்து மேலும் சில மாதங்கள் அலைய வேண்டியதாயிற்று.

இதில் கங்காணியை மட்டும் குறை சொல்வதற்கில்லை. "எனக்கு என்ன தெரியும், நீங்களே பாத்துக்கங்க" என்று எண்ணையும் கடவுச்சொல்லையும் கம்ப்யூட்டர் கடைக்காரரிடமும் மருமகனிடமும் ஒப்படைத்துவிட்டு வருவது நம் மக்களிடம் பழகிப்போன ஒன்று. கடைக்காரரின் நோட்டில் மஹல்லாவில் பாதிப்பேரின் கடவுச்சொற்கள் வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றன. நம் ஜமாஅத்தில் ஏலக்காய் வியாபாரிகள் இருக்கிறார்கள். 2007இல் நறுமணப் பொருள் வாரியம் போடியில் மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்தபோது, கணினி முன் அமர்ந்து விலை கேட்பதற்கு அவர்கள் பழகிக்கொண்டார்கள். தம் கடவுச்சொல்லை எவருக்கேனும் எழுதிக் கொடுத்த வியாபாரி ஒருவரையாவது இச்சபையில் காட்ட முடியுமா? தம் வணிகத்தில் இவ்வளவு விழிப்போடிருக்கும் நாம், தோட்டத்தில் குனிந்து உழைக்கும் பெண்ணின் கணக்கு என்றால் "யார் பாத்தா என்ன" என்கிறோம்.

குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் கடனை எழுதிவைப்பது பற்றியது என்பதை மதரஸாப் பிள்ளைகள் அறிவார்கள். அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் அது. தாமே சொல்லி எழுதுவிக்க இயலாதவருக்காக அவருடைய பொறுப்பாளர் நீதியோடு சொல்லி எழுதுவிக்க வேண்டும் என்ற கட்டளையும் அதில் அடங்கியிருக்கிறது. பிறருக்காகக் கணக்கைத் திறந்து கொடுக்கும் இளைஞர்கள் அந்தப் பொறுப்பாளரின் இடத்தில் நிற்கிறார்கள். ஓ.டி.பி.யைக் கேட்டு வாங்கித் தாமே அழுத்துவதைவிட, கைப்பேசியை அவர் கையிலேயே கொடுத்து அழுத்தச் செய்வதே மேல். கடவுச்சொல்லை அவருடைய வீட்டு நோட்டில் அவர் பிள்ளையைக் கொண்டு எழுதிவைக்கச் சொல்லுங்கள். அது நம் நினைவில் தங்கிவிட்டாலும் அமானிதமே.

தாய்மார்கள் தரப்பிலிருந்து ஒரு கேள்வி வந்தது: "ஹஜ்ரத், முகத்தைக் கேமராவுக்குக் காட்டலாமா?" இது நியாயமான கேள்வி. சாட்சியம் சொல்லும்போதும் கொடுக்கல் வாங்கலின்போதும் ஆளை அடையாளம் காணும் தேவைக்காகப் பெண்ணின் முகத்தைப் பார்ப்பதற்கு ஷாஃபிஈ, ஹனஃபி ஃபிக்ஹு நூல்களில் அனுமதி இருக்கிறது. இங்கும் தேவை அதுவே. அந்நியர் முன் காட்ட வேண்டும் என்ற கட்டாயமும் இதில் இல்லை. வீட்டுக்குள் கணவரோ மகனோ கைப்பேசியைப் பிடித்துக்கொள்ள, நல்ல வெளிச்சத்தில் ஒரு நிமிட வேலை. கடையில் நாலு பேர் நடுவே நிகாபை விலக்கி நிற்பதைவிட இது பேணுதலானது என்றே நாம் கருதுகிறோம்.

பென்ஷன் வாங்குவோருக்கு முகம் காட்டும் முறை பேருதவி. ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். 2014இல் வந்த ஜீவன் பிரமாண் முறையில் முதலில் விரல் ரேகையைக் கேட்டார்கள். ஏலச்செடியின் தூரில் மண்ணைக் கிளறிக் காய் பறித்துத் தேய்ந்த விரலை எந்த இயந்திரம் அறியும்? 2021 நவம்பரில் முகத்தைக் காட்டியும் சான்று பெறலாம் என்றானது. ஒரே கைப்பேசியில் பலருக்கும் எடுத்துக் கொடுக்கலாம். கைப்பேசிக்குரியவர் முதலில் தம் முகத்தைக் காட்டிப் பதிந்துகொண்டால் போதும். பி.எஃப். பென்ஷன்தாரர்கள் நவம்பர் மாதத்திற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. எந்த மாதம் கொடுத்தாலும் அன்றிலிருந்து ஓராண்டுக்குச் செல்லும். படுத்த படுக்கையாக இருப்பவரின் வீட்டிற்குத் தபால்காரரே வந்து எடுத்துக் கொடுக்கும் வசதியும் பி.எஃப். பென்ஷன்தாரர்களுக்குக் கட்டணமின்றி உண்டு.

முகமும் சில வேளைகளில் பொருந்தாது. 15 ஆண்டுகளுக்கு முன் ஆதாருக்கு எடுத்த படம். இன்று தாடி நரைத்து, பல் விழுந்து, கன்னம் ஒட்டிப்போயிருக்கும். அப்போது ஆதார் மையத்தில் படத்தையும் ரேகையையும் புதுப்பிக்க வேண்டும். "மெஷின் எடுக்கல, போங்க" என்று ரேஷன் கடையிலோ முதியோர் உதவித்தொகைக்கோ சொல்லப்பட்டால் தலைகுனிந்து வீடு திரும்பாதீர்கள். நலத்திட்டங்களுக்கு ஆதார் கேட்கலாம் என்று 2018 செப்டம்பர் 26இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றமே, இயந்திரப் பொருத்தம் தவறியதற்காக உரியவர் விலக்கப்படலாகாது என்றும் கூறியிருக்கிறது. வேறு ஆவணத்தைக் காட்டுங்கள். மறுத்தால் எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் என்றதும் பல இடங்களில் வழி பிறந்துவிடுகிறது.

"உங்க பென்ஷன் நிக்கப்போகுது, இந்த லிங்கைத் தொடுங்க" என்று அழைப்பவன் திருடன். எந்த அலுவலகமும் அப்படி அழைப்பதில்லை. தொட்டுப் பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் அந்நிமிடமே 1930 என்ற எண்ணை அழையுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கைமாறிப் போய்விடும்.

கணக்கு திறந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, நாமினியின் பெயரைப் பதிவது. நாமினி என்பவர் தொகையைப் பெற்று வாரிசுகளின் பங்கை ஷரீஅத்படி சேர்ப்பிக்க வேண்டியவர்; அது தனியொரு உரைக்குரிய விஷயம்.

நிர்வாகத்தின் இசைவோடு ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். ஜும்ஆ நாளில் ஜீப்பில் போனவர்கள் திரும்பிய பின், மஃரிப் தொழுகைக்கும் இஷாவுக்கும் இடையே மதரஸா வகுப்பறையில் கல்லூரி மாணவர்கள் நால்வர் இருப்பார்கள். பெண்களுக்கு உஸ்தாதா இருவர் தனியறையில் இருப்பார்கள். ஆதார் அட்டை, சம்பளச் சீட்டு, வங்கிப் புத்தகம், பென்ஷன்தாரராயின் பி.பி.ஓ. எண், இவற்றோடு உங்கள் சொந்தக் கைப்பேசியையும் கொண்டு வாருங்கள். ஆதாரில் கைப்பேசி எண் சேராதவர்கள் முதலில் தபால் நிலையத்திலோ ஆதார் மையத்திலோ அதை முடித்துவிட்டு வர வேண்டும். 2025 அக்டோபர் முதல் அதற்குக் கட்டணம் 75 ரூபாய், அதற்கு மேல் கேட்டால் ரசீது கேளுங்கள். அந்த 75 ரூபாய்க்கும் இயலாதவர்களின் பெயரை முத்தவல்லி அவர்களிடம் தனியே சொன்னால் பைத்துல்மாலிலிருந்து கொடுக்க இசைந்திருக்கிறார்கள். மாணவர்கள் எவருடைய எண்ணையும் எழுதிவைக்க மாட்டார்கள். அவர்களுக்கு நோட்டுப் புத்தகமே கொடுக்கவில்லை.