குழுவில் காலி நாற்காலி, விடுதியில் நம் குழந்தை
(தாலுகா ஊழியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



குழந்தைகள் நலக் குழுவைச் சீர்திருத்தக் கோரி நாம் நடத்தப் போகும் ஊர்வலத்தைப் பற்றிப் பேசவே இன்று கூடியிருக்கிறோம். "போனசுக்குக் கொடி பிடித்தோம், கூலிக்குக் கொடி பிடித்தோம். இதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று ஆலைத் தோழர் ஒருவர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான்.

நூற்பாலையில் ராத்திரி ஷிப்டு பார்க்கும் ஒரு சகோதரி. கணவன் இல்லை. ஏழு வயதுப் பையன் வீட்டில் தனியே படுத்திருப்பான். ஒரு நாள் இரவு பயந்துபோய் அம்மாவைத் தேடிப் புறப்பட்டவன் பஸ் நிலையத்தில் நின்று அழுதிருக்கிறான். போலீசார் அழைத்துப்போய், சட்டப்படி 24 மணி நேரத்துக்குள் குழுவின் முன் நிறுத்தினார்கள். குழு விடுதிக்கு அனுப்பியது. இதுவரை யாரையும் குறை சொல்ல முடியாது. குழந்தை பத்திரமாக இருந்தான்.

பிறகு நடந்ததுதான் அநியாயம். அந்தத் தாய் ஜில்லாத் தலைநகருக்கு எத்தனை முறை நடந்தாள் தெரியுமா? ஆறு முறை. நான்கு முறை நாங்களும் கூடப் போனோம். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போயிற்று, பஸ் சார்ஜும் போயிற்று. ஒவ்வொரு முறையும் ஒரே பதில்: "இன்று உறுப்பினர்கள் வரவில்லை, அடுத்த வாரம் வாருங்கள்."

ஏன் இந்தப் பதில்? 2015-ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டப்படி குழுவில் ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் இருக்க வேண்டும். மாதத்தில் 20 நாளாவது கூட வேண்டும். இறுதி உத்தரவு போட மூன்று பேராவது உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தக் குழுவிலோ இரண்டு இடம் காலி. மிச்சம் மூன்று பேரில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் உத்தரவு கிடையாது! நான்கு மாதத்தில் முடிக்க வேண்டிய விசாரணை ஐந்தரை மாதம் இழுத்தது. கடைசியில் பையன் வந்தான். பெற்ற தாயைப் பார்த்து, "வாங்க, உட்காருங்க" என்றான். விடுதியில் பழகிய பேச்சு. அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

அதற்காக "குழு ஒழிக" என்று யாரும் கோஷம் போட்டுவிடாதீர்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபின் தஞ்சைப் பக்கத்தில், கடனுக்கு ஈடாகக் கீதாரிகளிடம் ஆடு மேய்க்க விடப்பட்ட சிறுவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அப்படிப்பட்ட பிள்ளையை மீட்டால் அவனை ஒப்படைக்கச் சட்டத்தில் இருக்கும் இடம் இந்தக் குழுதான். அது ஒழிந்தால் கடன் கொடுத்தவன்தான் சந்தோஷப்படுவான். ஆகவே நமது கோஷம், "காலி இடத்தை நிரப்பு! தாலுகாவுக்கு வந்து உட்கார்!" என்பதுதான்.

அலைந்த ஏழைப் பெற்றோருக்குப் பஸ் சார்ஜ் கொடு, உத்தரவைத் தமிழில் எழுதிக் கையில் கொடு என்றும் கேட்போம். இன்னொன்று. வறுமையால் பிள்ளை விடுதிக்குப் போகாமல் வீட்டிலேயே வளர, 2022-ல் வந்த மிஷன் வாத்சல்யா விதிகளில் மாதம் 4,000 ரூபாய் உதவிக்கு வழி இருக்கிறது. விதவைத் தாய்மாரின் குழந்தைகளும் அதில் சேருவார்கள். நம் சேரிகளில் விசாரித்தோம். இப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியவில்லை. விடுதியை விட வீடே முதலிடம் என்று சட்டமே சொல்லும்போது, அந்தச் செய்தியைத் தண்டோரா போட்டுச் சொல்ல சர்க்காருக்கு என்ன தடை?

இனி வேலைக்கு வருவோம். எந்த நாள் என்பதில் கமிட்டியில் பலத்த வாக்குவாதம். ஞாயிற்றுக்கிழமை என்றால் ஜனங்கள் வருவார்கள், அதிகாரி இருக்க மாட்டார். திங்கட்கிழமை கலெக்டர் மனு வாங்குவார், ஆனால் நமக்குக் கூலி போய்விடும். குழுவின் மேல் உள்ள குறைகளைக் கேட்க வேண்டியவர் சட்டப்படி கலெக்டர்தான். அதனால் இரண்டையும் செய்வோம். ஞாயிறு மாலை நான்கு மணிக்கு ஆலை வாயிலிலிருந்து ஒரு ஊர்வலம், சேரியிலிருந்து ஒரு ஊர்வலம். இரண்டும் பஸ் நிலையத்தில் சேர்ந்து பொதுக்கூட்டம். மறுநாள் பதினைந்து பேர் மட்டும் மனுவோடு போவோம். அவர்களுடைய கூலியை மற்றவர்கள் ஷிப்டு வாரியாக வசூலித்துக் கொடுக்க வேண்டும். அந்தப் பதினைந்தில் பாதிக்கு மேல் தாய்மார்கள் இருக்க வேண்டும். இல்லையென்றால் வழக்கம்போல நாம் ஆண்களே போய் நின்று பேசிவிட்டு வருவோம்!

ஊர்வலத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் போலீஸ் நிலையத்தில் இந்த வாரமே மனுக் கொடுத்து ரசீது வாங்குங்கள். நடவு நடக்கும் ஊர்களில் பகலில் ஆள் தேடாதீர்கள். விளக்கு வைத்த பிறகு போங்கள்.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். பாதிக்கப்பட்ட எந்தக் குழந்தையையும் மேடையில் ஏற்றக் கூடாது. பெயர், படம், பள்ளி, ஊர் எதுவும் நோட்டீசில் வரக் கூடாது. சட்டம் தண்டிக்கும் என்பது ஒரு பக்கம். நாளைக்கு அந்தப் பிள்ளை அதே தெருவில் நடக்க வேண்டுமே! தாயின் பெயரைச் சொன்னாலும் பிள்ளை யார் என்று தெரிந்துவிடும். நாங்களும் இங்கே சொல்லவில்லை.

நோட்டீசு 2,000 அச்சடிக்க வேண்டும். காகிதப் பணத்தில் பாதியை ஆலைக் கிளை ஏற்றுக்கொண்டது. மறு பாதிக்கு விவசாயத் தொழிலாளர் கிளைத் தோழர்கள் இப்போது எழுந்து சொல்லுங்கள்.