வழி தெரியாதது குற்றமல்ல
(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)

வங்கியில் முப்பது வருடம் லெட்ஜர் எழுதியவன் நான். கணக்கில் பைசா பிசகாது. ஆனால் கோயிலுக்குப் போய் வேறு வாசல் வழியாக வெளியே வந்தால், இது எந்த ராஜ வீதி என்று இன்றும் திகைத்து நிற்பேன். என் அப்பாவும் அப்படித்தான். இப்போது பேத்தியும்.

2009இல் கனடாவில் ஜூசெப்பே இயாரியா குழுவினர் இப்படி ஒருவரைப் பற்றி எழுதினார்கள். மூளையில் அடி இல்லை, அறிவில் குறை இல்லை. மனதில் ஊரின் வரைபடம் மட்டும் சிறுவயது முதலே படிவதில்லை. சில குடும்பங்களில் இது பலருக்கு இருப்பதை 2016இல் அவர்களே காட்டினார்கள். பரம்பரைக்கும் பங்கு இருக்கலாம் என்கிறார்கள்.

எங்கள் வீட்டில் இருப்பது அதுதான் என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் "கவனமே இல்லை" என்று பேத்தியைத் திட்டுவதை நிறுத்திவிட்டேன். "பிள்ளையார் கோயில் தாண்டி இடது கைப் பக்கம்" என்று அடையாளம் சொல்லித் தருகிறேன். இப்போது கடைக்குத் தனியாகப் போய் வருகிறாள்.

இரண்டு வேண்டுகோள். தெருமுனைகளில் அழிந்த பெயர்களைச் சங்கம் மீண்டும் எழுதித் தர வேண்டும். வழி கேட்பவரிடம் "வடக்கே போங்க" என்னாமல் அடையாளம் சொல்லுங்கள்.