படத்தில் இடம்பெறாதவர்



கேளிக்கைப் பூங்காக்களிலே அயல்நாட்டுக் கோபுரங்களின் சாயலிற் கட்டடங்கள் எழுப்புகிறார்கள். சுற்றுப்புறத்தை மறைத்துப் படம் பிடித்துவிட்டால், கடல் கடந்து போய் வந்தவர்போல் நாம் தோன்றலாம்.

ஒருகொடவத்தை மாணவன் ஒருவன், புறக்கோட்டை ஜாமிஉல் அல்ஃபார் பள்ளிவாசலையும் அவ்வாறே படம் பிடித்து வந்தான். செங்கோடும் வெண்கோடும் மாதுளை வடிவக் குவிமாடங்களுமே அதிலிருந்தன. “எந்தத் தேசம்?” என்று வியந்தனர் ஆசிரியர். போட்டியிலே முதற்பரிசு அளித்தவன் அதிபராகிய நானே.

பின்னரே சிந்தித்தேன். 1908இல் தொடங்கி 1909இல் நிறைவுற்ற அப்பள்ளிவாசலின் வடிவமும் அயல்வழி வந்ததே. தென்னிந்திய வணிகர் எடுத்துரைத்த இந்தோ-சரசனிக் கட்டடங்களின் சாயலிலே, முறையாகக் கட்டடக்கலை பயிலாத சாய்பு லெப்பை அதனை அமைத்தார் என்பர். நூறாண்டுக்கு மேற்பட்ட தொழுகையும் தெருவின் உழைப்புமே அதனை நம்முடையதாக்கின. அவ்வாழ்வை வெட்டிவிட்டால், அது மீண்டும் அயலதாகிவிடும்.

அத்தெருவில் மூட்டை சுமக்கும் நாட்டாமைமாருள் ஒருவர் அம்மாணவனின் தந்தை. பரிசு பெற்ற படத்தில் அவருக்கு இடமில்லை.

மறுநாள் அவனை அழைத்தேன். “தம்பி, சற்றே பின்னுக்கு நின்று இன்னுமொரு படம் எடுத்து வா” என்றேன். இன்று என் அறைச் சுவரில் இருப்பது அந்த இரண்டாவது படமே.