கைதட்டாத சுவைஞர்கள்



இலக்கிய வட்டத்தின் மேடையில் ராக் இசைக்கு என்ன வேலை என்று அன்பர் சிலர் எண்ணக்கூடும். கவிதையைப் போலவே இசையும் ஒருவரிடம் பிறந்து இன்னொருவர் செவியில் நிறைவு பெறுவது. பாடியவர்களைப் பற்றி எழுதப்பட்டவை மிகுதி; கேட்டவர்களைப் பற்றி எழுதப்பட்டவை குறைவு. கேட்டவர்கள் தமக்கென்று ஓர் ஒழுக்கத்தை வகுத்துக்கொண்டு, அதன் வலிமையால் ஓர் இசைக்குழுவின் முப்பதாண்டு வாழ்வைக் காத்துக் கொடுத்த வரலாறு ஒன்று அமெரிக்க நாட்டில் உண்டு. கிரேட்ஃபுல் டெட் என்னும் குழுவின் ரசிகர்கள் செய்த செயல் அது. சுவைஞனின் கடமை யாது என்ற வினாவுக்கு அங்கே கிடைத்த விடை, கவிஞர் அவைக்கும் பயன்படக்கூடியது.

ராக் இசையுலகில் மேடை நிகழ்ச்சிக்கும் ஒலிப்பதிவுக்கும் தொடக்கத்தில் நல்லுறவு இருந்ததில்லை. 1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க் ஷே விளையாட்டரங்கில் பீட்டில்ஸ் குழுவினர் பாடியபோது 55,000க்கும் மேற்பட்டோர் திரண்டனர். திரண்டவர்கள் எழுப்பிய கூச்சலில், பாடியவர்களுக்கே தம் பாட்டுச் சரிவரக் கேட்கவில்லை. மறு ஆண்டு ஆகஸ்ட் 29 அன்று சான் பிரான்சிஸ்கோவின் கேண்டில்ஸ்டிக் பார்க்கில் நடந்ததே அவர்களுடைய கடைசிக் கட்டணக் கச்சேரி. அன்று பால் மெக்கார்ட்னியின் வேண்டுகோளுக்கு இணங்க, குழுவின் செய்தி அலுவலர் டோனி பாரோ ஒரு சிறு கேசட் கருவியில் அதைப் பதிந்தார். நாடாவின் ஒரு பக்கம் முப்பது நிமிடம். கடைசிப் பாட்டு முடியுமுன் நாடா முடிந்துவிட்டது. உலகமே கேட்கத் துடித்த குழுவின் இறுதிப் பாட்டு இன்றும் அறுந்த நிலையில்தான் கேட்கிறது.

பின்னாளில் இசைத்தட்டு நிறுவனங்கள் மேடை நிகழ்ச்சிகளைத் தட்டுகளாக வெளியிட்டபோது வேறொரு குறை நேர்ந்தது. மேடையில் நேர்ந்த பிழைகளைப் பதிவுக்கூடத்தில் திருத்திவிட்டு, மேடைப் பதிவு என்றே விற்றனர். தின் லிசி குழுவின் 1978ஆம் ஆண்டு மேடைத் தட்டில் பெரும்பகுதி பதிவுக்கூடத்தில் மீண்டும் பாடியும் வாசித்தும் சேர்க்கப்பட்டது என்றார் அதனைத் தயாரித்த டோனி விஸ்கான்டி; குழுவினர் அதை மறுத்தனர். வழக்கு எவ்வாறாயினும், ரசிகனின் ஐயம் நியாயமானதே. ‘அன்று அங்கே உண்மையில் என்ன நடந்தது?’ என்பதே அவன் கேட்டது. அந்தக் கேள்வியோடு அரங்குக்குத் தானே ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிச் சென்றவர்கள் பலர். லாஸ் ஏஞ்சல்ஸில் மைக் மில்லார்ட் என்பவர், காவலர் கண்ணில் படாதிருக்கச் சக்கர நாற்காலியில் அமர்ந்து, கருவியை அதற்குள் மறைத்துக் கொண்டுபோய், லெட் செப்லின் குழுவின் 1977ஆம் ஆண்டுக் கச்சேரிகளைப் பதிந்தார். இன்றும் அவை விரும்பிக் கேட்கப்படுகின்றன.

கிரேட்ஃபுல் டெட் குழுவுக்கு இத்தகைய பதிவு ஏன் இன்றியமையாததாயிற்று என்பதற்குத் தனிக் காரணம் உண்டு. 1965இல் கலிபோர்னியாவில் தொடங்கி 1995 வரை அக்குழுவினர் ஏறத்தாழ 2,300 கச்சேரிகள் நிகழ்த்தினர். நிகழ்ச்சி நிரலை முன்கூட்டி வகுத்துக்கொள்ளாமல் பாடுவதே அவர்கள் வழக்கம். ஒரே பாட்டு ஒருநாள் பத்து நிமிடத்தில் முடியும். மற்றொரு நாள் அரைமணியை நெருங்கும். ஒரு பாட்டின் வால் அடுத்ததன் தலையோடு இடைவெளியின்றி இணையும். சபாக் கச்சேரி நாடாக்களைக் கைமாற்றிக் கேட்டுப் பழகியவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: அன்றைய மனோதர்மம் அன்றைக்கு மட்டுமே உரியது. பதிவுக்கூடத்தில் செய்த தட்டுகள் அக்குழுவின் நிழலையே காட்டின. அவர்களது படைப்பு என்பது அந்தந்த இரவுதான்.

எழுபதுகளில் பதிவு செய்தவர்கள் ஒளிந்தே செய்தனர். கருவியைப் பகுதி பகுதியாகப் பிரித்து நண்பர்களின் உடைக்குள் வைத்து உள்ளே கொண்டுபோயினர். குழுவின் ஊழியர்கள் கண்டால் நாடாவைப் பறித்ததும் உண்டு. ஆனால் குழுவின் தலைமைக் கலைஞராகக் கருதப்பட்ட ஜெர்ரி கார்சியாவின் எண்ணம் வேறாக இருந்தது. வாசித்து முடித்த இசையில் தமக்கு மேற்கொண்டு வேலையில்லை, வேண்டுவோர் எடுத்துக்கொள்ளலாம் என்ற கருத்தை அவர் வெளிப்படையாகவே சொல்லி வந்தார். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒலிவாங்கி ஏற்றிய கம்பங்கள் அரங்கின் நடுவே காடுபோல் எழுந்தன. அவை ஒலிப்பொறியாளரின் பார்வையையும் பின்னால் இருந்தோரின் பார்வையையும் மறைத்தன. தடைசெய்வதா, இடம் கொடுப்பதா என்ற நிலையில் குழு இடம் கொடுத்தது. 1984 அக்டோபர் 27 அன்று பெர்க்லி சமூக அரங்கில், ஒலிப்பொறியாளரின் மேசைக்குப் பின்புறம், பதிவு செய்வோருக்கென்றே தனிப் பகுதி ஒதுக்கப்பட்டது. அதற்கெனத் தனி நுழைவுச்சீட்டும் பின்னர் விற்கப்பட்டது. எந்த நிறுவனமும் திருட்டென்று சொல்லக்கூடிய செயலுக்குச் சீட்டு அச்சடித்துக் கொடுத்த குழு அது!

அந்தப் பகுதியில் நிலவிய நடைமுறைகள் எவராலும் சட்டமாக இயற்றப்பட்டவையல்ல. ஒலிவாங்கியின் அருகே பேசலாகாது. பாட்டோடு சேர்ந்து பாடலாகாது. சீழ்க்கை அடித்தல் பெரும் பிழை. கைதட்டுவதாயின் உள்ளங்கைகளைக் குழித்து மெல்லத் தட்டவேண்டும்; தட்டாதிருப்பது அதனினும் நன்று. ஒருவரது கருவியிலிருந்து கம்பி இழுத்து இன்னொருவர் தம் கருவியில் பதிந்துகொள்ளலாம். அவரிடமிருந்து மூன்றாமவர், நான்காமவர் எனச் சங்கிலியாக நீளலாம். ஆனால் கச்சேரி தொடங்குமுன்பே கேட்டுப் பெற வேண்டும். தொடங்கியபின் தோளைத் தட்டிக் கேட்பது முறையன்று. மிகக் கடினமான கலை, நாடாவைத் திருப்புவது. தொண்ணூறு நிமிட நாடாவில் ஒரு பக்கம் நாற்பத்தைந்து நிமிடம். பாட்டுகளோ விட்டு விட்டு வருபவையல்ல. எங்கே மூச்சு விடுவார்கள் என்பதை முன்னுணர்ந்து சில நொடிகளுக்குள் திருப்பிவிட வேண்டும். பிற்பகுதியில் இரு முரசுக் கலைஞர்கள் மட்டும் நெடுநேரம் வாசிக்கும் இடம் வரும். பலர் அதற்காகக் காத்திருப்பார்கள். இவ்வாறு திருப்பக் கற்றவன், அந்தக் குழுவின் இசையமைதியை எந்தத் திறனாய்வாளனினும் நுட்பமாக அறிந்தவன் எனலாம்.

இங்கே ஒரு வியப்பு. இசையைப் பெரிதும் விரும்பியவர்களே அரங்கில் அசையாமல், ஆடாமல், ஆரவாரம் செய்யாமல் நின்றார்கள். ஒளிரும் முள்ளைப் பார்த்தபடி, குழுவின் குரல் உயர்ந்தால் பதிவின் அளவைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். தம் இன்பத்தில் ஒரு பங்கை அங்கே இல்லாத ஒருவருக்காக ஒதுக்கிவைத்தார்கள்.

ஆடவந்தவர்களுக்கு இது பிடிக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அக்குழுவின் கச்சேரி என்பது ஆடிக் களிக்கும் திருவிழா. அங்கே வந்து ‘பேசாதீர்’ என்று கண்டிப்பவர்களை அவர்கள் வெறுத்தார்கள். கச்சேரியைக் கேட்க வந்தாயா, கருவியைக் காக்க வந்தாயா என்று கேட்டார்கள். இரு தரப்பிலும் நியாயம் உண்டு. எனினும் பதிவு செய்வோர் தம் பகுதிக்குள் மட்டுமே அமைதியைக் கோரினர், பிறருடைய ஆட்டத்தைத் தடுக்கவில்லை என்பதால் அவர்கள் பக்கமே தராசு சாய்கிறது. இன்றைய அரங்குகளில் கைப்பேசியை உயர்த்திப் பிடிப்பவர்கள் அப்படிப்பட்டவர்கள் அல்லர். பின்னால் இருப்பவரின் கண்ணை மறைத்து எடுக்கும் அந்தப் படத்தை எடுத்தவரே மறுமுறை பார்ப்பது அரிது. கிங் கிரிம்சன் குழுவின் ராபர்ட் ஃபிரிப் இதைச் சிறிதும் பொறுக்காதவர். அக்குழுவின் பிற்காலக் கச்சேரிகளில் ஓர் ஏற்பாடு இருந்தது: இசை முடிந்தபின் டோனி லெவின் மேடையில் நின்று தம் கேமராவை எடுத்து அவையைப் படம்பிடிப்பார், அதன் பின்னரே அவையோரும் படம் எடுக்கலாம். மரியாதையான தீர்வு.

டெட் ரசிகர்களின் நாடாப் பரிமாற்றத்துக்கு வருவோம். அதன் முதல் விதி, பணம் கூடாது என்பது. எழுபதுகளின் தொடக்கத்தில் நியூயார்க்கில் லெஸ் கிப்பல் தொடங்கிய இலவச நாடாப் பரிமாற்ற மன்றம் இவ்வழக்கத்துக்கு வழிகாட்டியது. 1974இல் அதிலிருந்து ‘டெட் ரெலிக்ஸ்’ என்ற இதழும் பிறந்தது. நாடாவுக்கு நாடா மாற்றிக்கொள்ளலாம். மாற்றித்தர ஒன்றும் இல்லாத புதியவர், வெற்று நாடாக்களையும் திருப்பி அனுப்பத் தபால் செலவையும் அனுப்பினால் போதும்; பழையவர் பதிந்து அனுப்புவார். விற்றவன் எவன் என்று தெரிந்தால் அவனோடு கொடுக்கல் வாங்கலே இல்லை.

இரண்டாம் விதி, உண்மை எழுதுதல். உறையின் மீது ஊர், அரங்கு, நாள், பாட்டுகளின் வரிசை ஆகியவற்றோடு, எத்தனையாவது படி என்பதும் எழுதப்படும். படியிலிருந்து படி எடுக்குந்தோறும் நாடாவின் இரைச்சல் கூடும். மூலத்திலிருந்து முதற்படியா, ஐந்தாம் படியா என்பதை மறைப்பது நம்பிக்கைத் துரோகம். எந்தப் பாட்டு எங்கே அறுந்தது என்பதும் குறிக்கப்படும். ஓலைச்சுவடிகளைப் படியெடுத்தோரையும் பாடபேதம் குறித்தோரையும் அறிந்த அவைக்கு இதன் அருமையை விரித்துரைக்க வேண்டியதில்லை. அச்சிடப்பட்ட கச்சேரி அட்டவணை நூலொன்று 1987இல் ‘டெட்பேஸ்’ என்னும் பெயரில் வெளிவந்தபோது, அதற்கு ஆதாரமாக நின்றவை இந்த நாடாக்களும் ரசிகர்களின் குறிப்பேடுகளுமே.

ரசிகர்களிடையே என்றும் ஓயாத விவாதம் ஒன்று உண்டு. ஒலிக்கலவை மேசையிலிருந்து நேரே எடுத்த பதிவு ஒருவகை; அவையின் நடுவே ஒலிவாங்கி நாட்டி எடுத்தது மற்றொருவகை. முன்னதில் ஒவ்வொரு நரம்பும் தெளிவாகக் கேட்கும். அவை இருந்ததோ இல்லையோ என்று தோன்றும். பின்னதில் இசை சற்று எட்ட நிற்கும். அரங்கின் விரிவும் மக்களின் மூச்சும் கேட்கும். 1977 மே 8 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் மண்டபத்தில் நடந்த கச்சேரி இவ்விவாதத்தில் தவறாமல் எடுக்கப்படும் சான்று. அதன் மேசைப் பதிவைச் செய்தவர் பெட்டி கேன்டர்-ஜாக்சன் என்ற பெண் பொறியாளர். வறுமையுற்ற நிலையில், அவர் வாடகைக் கிடங்கில் வைத்திருந்த நாடாச் சுருள்கள் 1986இல் ஏலத்தில் போயின. வாங்கியவர்கள் வழியாக அவை மெல்ல ரசிகர்களிடையே பரவின. 2012இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் அறிவித்த தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் அந்த ஒரு கச்சேரி இடம்பெற்றது; முறைப்படி விற்பனைக்கு வந்ததோ 2017இல்தான். நாற்பதாண்டு காலம் அதை வாழவைத்தவர்கள் படியெடுத்தவர்களே.

அவையின் ஓசை வெறும் இரைச்சல் என்போருக்கு, 1966 மே 17 மான்செஸ்டர் கச்சேரி விடையாகும். மின்கிட்டாரோடு வந்த பாப் டிலனை நோக்கி அவையிலிருந்து ஒருவர் ‘யூதாஸ்’ என்று கத்தினார். அந்தப் பதிவு 1998இல் முறையாக வெளிவந்தபோது அக்குரலை யாரும் நீக்கவில்லை. நீக்கினால், அடுத்த பாட்டில் தெறிக்கும் சினத்துக்குக் காரணம் புரியாமல் போகும்.

ஒழுக்கம் தளர்ந்தபோது நேர்ந்ததையும் மறைக்கலாகாது. 1987இல் ஒரு பாட்டு விற்பனைப் பட்டியலில் முன்னணிக்கு வந்ததும், குழுவின் பழக்கவழக்கம் அறியாத பெருங்கூட்டம் சேர்ந்தது. சீட்டு இல்லாதவர்கள் அரங்கின் வாயிலில் முகாமிட்டனர். 1995 ஜூலை 2 அன்று இண்டியானா மாநிலத்து டீர் கிரீக் திறந்தவெளி அரங்கில் சீட்டில்லாத ஆயிரக்கணக்கானோர் வேலியைச் சாய்த்து உள்ளே பாய்ந்தனர். சீட்டு வாங்கி உள்ளே இருந்தவர்களில் பலர் அதைப் பார்த்து ஆரவாரித்தனர் என்பதுதான் கொடுமை. மறுநாள் கச்சேரி கைவிடப்பட்டது. குழுவினர் கையெழுத்திட்டு ரசிகர்களுக்கு ஒரு மடல் விடுத்தனர்: சீட்டில்லாதவர் வரவேண்டாம், இந்நிலை நீடித்தால் ஊர் ஊராகச் சென்று பாடுவது முடிந்துபோகும் என்பது அதன் சாரம். ஜூலை 9 அன்று சிகாகோவில் பாடினார்கள். ஆகஸ்ட் 9 அன்று கார்சியா மாரடைப்பால் காலமானார். அந்தப் பெயரில் அக்குழு மீண்டும் பாடவில்லை.

நாடாக்கள் பின்னர் இணைய ஆவணக் காப்பகத்துக்கு ஏறின. 2005 நவம்பரில் குழுவைச் சார்ந்தோர் அவற்றை அங்கிருந்து எடுத்துக்கொள்ளும் வசதியை நிறுத்தச் செய்தனர். ரசிகர்கள் கொதித்தனர், ஆயிரக்கணக்கில் கையெழுத்திட்டனர். குழுவின் கலைஞர்களில் ஒருவரான ஃபில் லெஷ், அந்த முடிவில் தமக்குப் பங்கில்லை என்று அறிவித்தார். சில நாட்களில் ஓர் இணக்கம் ஏற்பட்டது. மேசையிலிருந்து எடுத்தவற்றைக் கேட்கலாம், எடுத்துச்செல்ல இயலாது. அவையின் நடுவே எடுத்தவற்றை முன்போலவே எடுத்துச்செல்லலாம். கலைஞரின் கம்பி வழியே வந்தது கலைஞருக்கும், காற்று வழியே வந்தது கேட்டவருக்கும் என்று பாகம் பிரிந்தது. காற்று வழியே வந்த அப்பதிவுகளில், கம்பத்தின் அருகே எவரோ ஒருவர் மற்றவரைப் பேசாதிருக்கும்படி மெல்லிய குரலில் வேண்டுவதும் சில இடங்களில் கேட்கிறது.